ஓர் அங்குலக் காற்று

அடுப்பின் முதுகுப்பக்கம் குனிந்து டார்ச் அடித்தேன்.
தகடு இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு ஆணித்துளைகள்,
அவற்றின்மேல் மூன்று பூச்சுக் கறுப்பு.
நாணயத்தால் சுரண்டினேன்.
சுரண்டச் சுரண்ட இரும்புதான் வந்தது,
எழுத்து வரவில்லை.

யார் வார்த்தார்கள், எந்தக் கூடத்தில் சோதித்தார்கள்,
சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கச் சொன்னார்கள்,
ஒன்றும் தெரியாது.
ஊர்பேர் தெரியாத அடுப்புக்கு
நாற்பத்தெட்டு அங்குலம் என்கிறது விதி.
என் டேப் பதினொன்றில் நின்றது.

"முப்பத்தெட்டு வருஷம்," என்றார் ஆர்சென் டெவோ.
நண்டுப் படகின் கயிறு இரண்டு விரலைக் கொண்டுபோன கையால்
சுவரைத் தட்டிக் காட்டினார்.
"ஒன்றும் நடக்கவில்லை."

பியானோவுக்கு இடம் வேண்டுமென்று
எண்பத்தேழில் அடுப்பைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.
பியானோவின் மேல் இப்போது
காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம்:
வெள்ளிக்கிழமைக்குள் சான்று.
ஜன்னலுக்கு வெளியே ஷேத்திகாம்ப் துறைமுகம் உறைந்து கிடந்தது.
மைனஸ் பத்தொன்பது.

பலகையைக் கழற்றலாமா என்று கேட்டேன்.
மகள் மிரெய் தலையசைத்தாள், அவர் அசைக்கவில்லை.
பைன் பலகை முனகிக்கொண்டு வந்தது.
உள்ளே நின்ற சட்டம்
மேலே மரநிறம், தரையருகே மரநிறம்,
அடுப்பின் நெஞ்சுயரத்தில் மட்டும்
முதல் டிக்காஷன் நிறம்.
நகத்தால் கீறினேன்.
பொடியாக உதிர்ந்து என் பூட்ஸில் விழுந்தது.

மரம் பொறுத்துப் பொறுத்துத்தான் மாறும் என்று சொன்னேன்.
ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் வறுபடும்.
வறுபட வறுபட
பற்றிக்கொள்ள அதற்குக் குறைந்த சூடே போதும்.
முதல் வருஷம் தாங்கியதை
நாற்பதாம் வருஷம் தாங்காது.
"முப்பத்தெட்டு வருஷமாக
நடந்துகொண்டேதான் இருக்கிறது, மிஸ்யூ டெவோ."

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்பார்கள்.
வேகவில்லை, வறண்டது.
அந்த வீட்டில் வேறு சூடு கிடையாது.
மிரெயின் மகன் தியோ பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து
என் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.
தேறவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
போட்டுவிட்டுக்
கோட்டைக் கழற்றினேன்.
அடுப்பு ஆறத் தொடங்கியதும் மறுபடி போட்டுக்கொண்டேன்.

கொட்டகைக் கூரைக்கு வாங்கி மிஞ்சிய தகரம்.
குழாய்த் துண்டுகள், ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக அறுத்தவை.
கருகிய சட்டத்தை அவரே வெட்டியெடுத்தார்,
வெட்டியதை யாருக்கும் காட்டாமல் வெளியே பனியில் எறிந்தார்.
அடுப்புக்கு நேர் பின்னால் ஓர் ஆணியும் கூடாது.
கீழ் விளிம்பு திறந்திருக்க வேண்டும், மேல் விளிம்பும்.
தகரம் சும்மா நிற்கும்.
அதன் பின்னால் ஏறி இறங்கும் காற்றுக்குத்தான் வேலை.
நாற்பத்தெட்டு இப்படிப் பதினாறாயிற்று.
அடுப்பை ஐந்து அங்குலம் முன்னே நகர்த்த
நான்கு பேரும் ஒரு கம்பளமும் தேவைப்பட்டன.
புகைக்குழாய்க்குப் புதிதாக ஒரு முழங்கை,
பியானோவுக்கு ஒரு கால்திருப்பம்.

"அந்த ஓர் அங்குலத்தில் எதையும் வைக்காதீர்கள்," என்றேன்.
"தீக்குச்சிப் பெட்டி, காகிதம், எதையும்.
அங்கே காற்று மட்டும் இருக்கலாம்."
படிவத்தில் அதை எழுத இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மார்ச்சில் மறுபடி போனேன்.
பியானோ சமையலறைக் கதவைப் பாதி மறைத்திருந்தது.
மிரெய் ஒருக்களித்து நுழைந்து காபி கொண்டுவந்தாள்.
ஆர்சென் என்னைப் பார்க்காமல்
அடுப்புக்கு ஒரு பிர்ச் கட்டை கொடுத்தார்.
தகரத்தின் மேல் விளிம்பில் டார்ச் அடித்தேன்.
இடுக்கில், பாதி இறங்கி,
ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை.

தியோ கூரையைப் பார்த்தான்.
"சீக்கிரம் காயும்னு," என்றான்.
தோசைத்திருப்பி மாதிரி ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கி
மெதுவாக நெம்பி எடுத்தேன்.
மொறமொறவென்று இருந்தது.